பாவ்லோ மால்டினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்பந்தில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த டிஃபெண்டர் (கோல் விழாமல் தடுக்கும் பின்வரிசை ஆட்டக்காரர்) யார் என்று பேச்சு வந்தால் நான் மால்டினி பெயரைச் சொல்லிவிடுவேன். அதோடு பேச்சு முடிவதில்லை. பழைய ஆட்டங்களைப் பார்க்காத தம்பிகள் ஒரு பக்கம் கேள்வி கேட்பார்கள், "அப்போ பரேசி?" என்று, அவரோடு ஒரே கிளப்பில் ஆடிய இன்னொரு டிஃபெண்டருக்காகச் சண்டைக்கு வரும் அண்ணன்மார் இன்னொரு பக்கம். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். கீழே உள்ள பதில் மேலே உள்ளதைச் சார்ந்திருக்கும் என்பதால் வரிசையாகப் படித்தால் நல்லது.

மால்டினி யாரு? சுருக்கமா சொல்லுங்க.

இத்தாலிக்காரர். 1968 ஜூன் 26 அன்று மிலான் நகரில் பிறந்தவர். 1985 முதல் 2009 வரை ஏசி மிலான் என்ற ஒரே கிளப்புக்கு ஆடினார். மொத்தம் 25 சீசன், 902 ஆட்டங்கள். அந்தக் கிளப்பில் இன்றுவரை அத்தனை ஆட்டம் ஆடியவர் வேறு யாரும் இல்லை. இத்தாலி அணிக்கு 126 ஆட்டங்கள், அவற்றில் 74 கேப்டனாக.

அவர் லெஃப்ட் பேக்கா, சென்டர் பேக்கா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

இரண்டும்தான். 80களிலும் 90களிலும் பெரும்பாலும் லெஃப்ட் பேக், அதாவது பின்வரிசையின் இடது ஓரம். வயது ஏற ஏற நடுவுக்கு நகர்ந்து, 2000க்குப் பிறகு அதிகமாக சென்டர் பேக்காக ஆடினார். ஆனால் "வேகம் குறைந்ததால் நடுவுக்குப் போனார்" என்று சொல்வது பாதி உண்மைதான். 1994-இல், 25, 26 வயதில், அவர் காலில் வேகம் உச்சத்தில் இருந்தபோதே இரண்டு பெரிய இறுதிப் போட்டிகளில் சென்டர் பேக்காக நின்றிருக்கிறார். அந்தக் கதை பின்னால் வருகிறது.

அப்பா பெரிய ஆளாமே? சிபாரிசுல தானே டீமுக்குள்ள வந்திருப்பார்?

அப்பா செசாரே மால்டினி சாதாரண ஆள் இல்லை. மிலான் 1963-இல் முதன்முதலாக ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது கேப்டன் அவர்தான். லண்டன் வெம்ப்ளியில் பென்ஃபிகாவை 2-1 என்று தோற்கடித்த ஆட்டம் அது. அவரும் டிஃபெண்டர். பையன் 10 வயதில் மிலான் சிறுவர் பிரிவில் சேர்ந்தபோது அந்தப் பெயர் கதவைத் திறந்திருக்கும், அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் சிபாரிசு கதவைத் திறக்கும், 25 வருடம் உள்ளே உட்கார வைக்காது. போதாததற்கு அந்தப் பெயரே பாரமாகவும் இருந்தது. சின்ன வயதில் எதிரணிப் பெற்றோர் மட்டுமல்ல, சொந்த ஊர்க்காரர்களும் "கேப்டன் மகன் என்பதால் ஆடுகிறான்" என்று பேசுவது இயல்புதானே. இன்னொரு வேடிக்கை: சிறுவனாக இருந்தபோது அவருக்கு மிலானின் போட்டிக் கிளப்பான யுவென்டஸ் மேல்தான் பிரியம். இதை அவரே சொல்லியிருக்கிறார்.

பதினாறு வயசுல முதல் மேட்ச் ஆடினார்னு சொல்றது உண்மையா?

உண்மை. 1985 ஜனவரி 20, உடினே நகரில் உடினேசே அணிக்கு எதிரான லீக் ஆட்டம். பாதி நேரத்தில் செர்ஜியோ பத்திஸ்தினிக்குப் பதிலாக இறக்கினார்கள். இறக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த பயிற்சியாளர் நீல்ஸ் லீட்ஹோல்ம். இந்த லீட்ஹோல்ம் ஒரு காலத்தில் மிலானில் செசாரேயுடன் சேர்ந்து ஆடியவர் என்பதையும் கவனியுங்கள். ஆட்டம் 1-1. அந்த சீசனில் லீக்கில் அவர் ஆடியது அந்த ஒரே ஆட்டம்தான். அடுத்த சீசனிலிருந்து நிரந்தர இடம்.

வலது கால்காரர்னு சொல்றாங்க, அப்புறம் ஏன் இடது பக்கம்?

வலது பக்கத்தில் மாவ்ரோ தாசோட்டி என்ற கெட்டிக்காரர் இருந்தார், இடது பக்கம் காலியாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். மால்டினி இடது காலைப் பழக்கிப் பழக்கி, எந்தக் கால் அவருடைய சொந்தக் கால் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாத அளவுக்குக் கொண்டுவந்தார்.

இதில் ஒரு லாபமும் இருந்தது. வலது பக்கமாக வரும் எதிரணி விங்கர் (ஓரமாகத் தாக்குகிறவர்) உள்ளே வெட்டித் திரும்பினால், வழக்கமான இடது கால் பேக்குக்கு அது பலவீனமான பக்கம். மால்டினிக்கோ அங்கேதான் வலது கால் காத்திருக்கும். வெளியே போனாலும் இடது கால் உண்டு. விங்கருக்கு இரண்டு வழியும் அடைப்பு.

"நான் டேக்கிள் பண்றேன்னா ஏற்கெனவே தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தம்" – இது அவர் சொன்னதா? அப்போ டேக்கிளே பண்ண மாட்டாரா?

அவர் பெயரில் சுற்றும் வாசகம் இது. டேக்கிள் என்றால் எதிராளி காலிலிருந்து பந்தைப் பறிப்பது. சாரம் அவருடைய ஆட்டத்துக்குப் பொருந்துகிறது என்பதால் ஒட்டிக்கொண்டது. ஆனால் இதைப் படித்துவிட்டு அவர் சட்டையில் அழுக்கே படாமல் ஆடினார் என்று நினைத்தால், ஆட்டத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பின்னாலிருந்து ஓடிவந்து சறுக்கி, ஆளைத் தொடாமல் பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதே வேகத்தில் எழுந்து போவது அவருடைய முத்திரை.

கூடவே "ஆட்டத்துக்குச் சராசரியாக இத்தனை டேக்கிள்தான்" என்று ஒரு தசம எண்ணையும் பகிர்கிறார்கள். 80களில் இத்தாலிய லீக்கில் இன்றைய மாதிரி ஒவ்வொரு டேக்கிளையும் யாரும் எண்ணிப் பதிவு செய்யவில்லை. 25 வருடத்துக்குச் சராசரி போட்டுத் தருகிறவரை நம்ப வேண்டாம்.

பந்தைப் பறிக்காம எப்படித் தடுக்கிறது? நிஜமாவே புரியலை.

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி. கபடி பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். பாடி வருகிறவன் மேல் முதலில் பாய்கிற கார்னர் ஆட்டக்காரன்தான் புள்ளியைக் கொடுப்பான். நிதானமாக நின்று, பாடுகிறவன் எடை ஒரு காலுக்கு மாறும் கணத்துக்குக் காத்திருக்கிறவன் பிடிப்பான். மால்டினி செய்ததும் இதே காரியம்தான்.

கிட்டத்தில் பார்த்தால் இப்படி இருக்கும். விங்கர் பந்தோடு வருகிறார். மால்டினி நேருக்கு நேர் மார்பைக் காட்டி நிற்கமாட்டார். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலைச் சற்று மடக்கி, ஒரு கை தூரம் விட்டு, பின்னாலேயே நகர்வார். அந்த நிலையே விங்கரிடம் "கோட்டோரமாகப் போ" என்று சொல்வது போல இருக்கும், உள்வழி மூடியிருக்கும். கண் எதிராளியின் தோளிலோ காலின் ஆட்டத்திலோ இருக்காது, பந்தில் இருக்கும். விங்கர் இரண்டு பொய் அசைவு காட்டுவார், மால்டினி அசையமாட்டார். கடைசியில் வேகமெடுக்க விங்கர் பந்தை ஒரு தட்டு தட்டியே ஆகவேண்டும். பந்து காலை விட்டு அரை மீட்டர் போகும். அந்த நேரத்தில் மால்டினி செய்வது பந்தைப் பறிப்பது அல்ல. பந்துக்கும் விங்கருக்கும் நடுவில் தன் உடம்பைக் கொண்டுபோய் வைப்பது. அப்புறம் பந்து அவருடையது. நடுவர் விசிலுக்கு வேலையே இல்லை.

இது பந்து வந்த பிறகு நடப்பது. அதைவிடப் பெரிய வேலை பந்து வருவதற்கு முன்பே முடிந்திருக்கும். எதிரணி மிட்ஃபீல்டர் தலையைத் தூக்கும்போதே மால்டினி இரண்டடி நகர்ந்திருப்பார். பாஸ் கொடுக்க நினைத்தவர் அந்த வழி அடைபட்டதைப் பார்த்து வேறு பக்கம் திருப்பிவிடுவார். இது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது, டிவி ரீப்ளேயிலும் காட்டமாட்டார்கள். டிஃபெண்டர்களின் பெருமையைப் பேசும்போது நமக்கு வார்த்தை பற்றாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சாக்கி சாக்கின்னு எல்லாரும் சொல்றாங்களே, அவர் என்ன பண்ணினார்?

அரிகோ சாக்கி 1987-இல் மிலான் பயிற்சியாளராக வந்தார். தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததே இல்லை. குடும்பத்தின் ஷூ வியாபாரத்தில் இருந்தவர். அதுவரை இத்தாலியில் வழக்கம் என்னவென்றால், ஒவ்வொரு டிஃபெண்டருக்கும் ஒரு ஆள். அந்த ஆள் எங்கே போனாலும் பின்னாலேயே போகவேண்டும், எல்லாருக்கும் பின்னால் கடைசிக் காவலாக ஒருவர். சாக்கி இதைத் தூக்கிப் போட்டார். ஆளைக் காக்காதே, இடத்தைக் காப்பாற்று என்றார். நான்கு டிஃபெண்டர்களும் ஒரே கோட்டில், நடுக்கோட்டுப் பக்கம் ஏறி நிற்கவேண்டும். கடைசி டிஃபெண்டருக்கும் முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கருக்கும் இடைவெளி 25 மீட்டர்தான். எதிரணிக்கு மூச்சுவிட இடம் கிடையாது.

கோடு ஏறும்போது ஒருவர் ஓரடி பின்தங்கினாலும் ஆஃப்சைடு பொறி (எதிரணி முன்வீரரைக் கோட்டுக்குப் பின்னால் சிக்கவைத்து விதிமீறலாக்கும் தந்திரம்) உடைந்துவிடும். அதனால் பயிற்சி கடுமையாக இருந்தது. சாக்கி அடிக்கடி சொல்லும் ஒரு பயிற்சி: கோல்கீப்பரும் நான்கு டிஃபெண்டர்களும் ஒரு பக்கம், ரூட் குல்லிட், மார்கோ வான் பாஸ்டன் உட்பட பத்துப் பேர் எதிர்ப்பக்கம். ஐவரும் ஒழுங்காக நின்றால் பத்துப் பேரால் கோல் போட முடியாது என்று காட்டுவதுதான் நோக்கம். கோல் விழவே இல்லை என்று சாக்கி சொல்வார். கொஞ்சம் மிகைப்படுத்தியிருந்தாலும் பரவாயில்லை. 19, 20 வயதில் இந்தப் பள்ளியில் படித்தவர் மால்டினி. முந்தைய பதிலில் சொன்ன அந்த இரண்டடி நகர்வு இங்கே கற்றது.

அந்த நாலு பேரும் நிஜமாவே அவ்வளவு பெரிய ஆளுங்களா? இல்ல பழசுங்கறதால புகழறீங்களா?

வலமிருந்து இடமாக: தாசோட்டி, கோஸ்டாகுர்டா, பரேசி, மால்டினி. புகழுக்குப் பதில் எண்களைத் தருகிறேன். 1987-88-இல் லீக் வென்றபோது 30 ஆட்டங்களில் வாங்கிய கோல் 14. 1991-92-இல் ஃபாபியோ கபெல்லோ பயிற்சியில் 34 ஆட்டமும் தோல்வியே இல்லை. அந்தத் தோல்வியற்ற ஓட்டம் 58 லீக் ஆட்டங்கள் நீண்டு, 1993 மார்ச்சில் பார்மாவின் அஸ்பிரியா அடித்த ஃப்ரீ கிக்கில்தான் முறிந்தது.

எனக்குப் பிடித்த எண் 1993-94. வான் பாஸ்டன் காயம், குல்லிட் கிளப்பில் இல்லை. மிலான் 34 ஆட்டங்களில் அடித்ததே 36 கோல்தான். வாங்கியது 15. லீக் கோப்பை அவர்களுக்கே. ஒரு கோல் அடித்துவிட்டுக் கதவை மூடி வீட்டுக்குப் போகிற அணி. பார்க்கச் சலிப்பாக இருக்கும் என்றால் மறுக்கமாட்டேன்.

மொத்தம் எத்தனை கப்?

இத்தாலிய லீக் 7: 1988, 1992, 1993, 1994, 1996, 1999, 2004. ஐரோப்பியக் கோப்பை (பின்னாளில் இதுவே சாம்பியன்ஸ் லீக்) 5: 1989, 1990, 1994, 2003, 2007. இறுதிப் போட்டி ஆடியது 8 முறை. தோற்ற மூன்றும் 1993-இல் மார்செய், 1995-இல் அயாக்ஸ், 2005-இல் லிவர்பூல். இத்தாலியக் கோப்பை ஒன்றே ஒன்று, 2003. உலகக் கிளப் பட்டங்கள் மூன்று.

2003 மட்டும் கொஞ்சம் தனி. மான்செஸ்டரில் யுவென்டஸோடு கோலில்லா ஆட்டம், பெனால்டியில் வெற்றி. அப்பா இங்கிலாந்து மண்ணில் கோப்பையைத் தூக்கி 40 வருடம் கழித்து, அதே கிளப்பின் கேப்டனாக மகன் அதே நாட்டில் அதே கோப்பையைத் தூக்கினார்.

உண்மையைச் சொல்லுங்க, பரேசிதானே மூளை? மால்டினி பக்கத்துல நின்னவர்தானே?

கோட்டை நடத்தியவர் ஃபிராங்கோ பரேசிதான். எப்போது ஏறவேண்டும், எப்போது கையைத் தூக்கி ஆஃப்சைடு கேட்கவேண்டும் என்று முடிவெடுத்தவர் அவர். மால்டினியே அவரிடம் கற்றதாகச் சொல்வார். 1997-இல் பரேசி ஓய்வு பெறும்வரை கேப்டன் பட்டையும் அவரிடம்தான்.

ஆனால் பரேசி இல்லாத நாளில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1994 மே 18, ஏதென்ஸ், சாம்பியன்ஸ் லீக் இறுதி. எதிரே யோஹான் கிரைஃப் பயிற்சியில் பார்சிலோனா; முன்வரிசையில் ரொமாரியோ, ஸ்டொயிச்கோவ். பரேசி, கோஸ்டாகுர்டா இருவருக்கும் தடை. பத்திரிகைகள் பார்சிலோனாவுக்குக் கோப்பையைக் கொடுத்தே விட்டன. கபெல்லோ மால்டினியை நடுவுக்குக் கொண்டுவந்து ஃபிலிப்போ கல்லியோடு நிறுத்தினார். மிலான் 4-0. ரொமாரியோ ஆடினாரா என்று தேடவேண்டியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து உலகக் கோப்பை இறுதியில் அதே ரொமாரியோ, அதே சென்டர் பேக் இடம். அதை அடுத்த பதிலில் சொல்கிறேன். பரேசி பெரியவரா மால்டினி பெரியவரா என்றால், இடத்தைப் படிப்பதில் பரேசி ஒரு மாற்றுக் கூடுதல் என்பேன். எங்கே நிறுத்தினாலும் ஆடக்கூடியவர், அதையும் கால் நூற்றாண்டு செய்தவர் என்றால் மால்டினி.

இவ்வளவு ஜெயிச்சவருக்கு உலகக் கோப்பை ஏன் இல்லை?

பெரும்பாலும் பெனால்டி. வரிசையாகச் சொன்னால் நமக்கே வயிறு எரியும். 1990-இல் சொந்த நாட்டில், கோல்கீப்பர் ஜெங்கா 517 நிமிடம் கோலே வாங்காமல் இருந்தார். அரையிறுதியில் நேப்பிள்ஸில் அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோல்வி, மூன்றாம் இடம். 1994 பசடேனா இறுதியில் பிரேசிலிடம் பெனால்டியில் தோல்வி. 1998 காலிறுதியில் பிரான்ஸிடம் பெனால்டியில் தோல்வி. அந்த அணிக்குப் பயிற்சியாளர் அப்பா செசாரே, கேப்டன் மகன். 2002-இல் தென் கொரியா.

நடுவில் 2000 யூரோ இறுதி. பிரான்ஸுக்கு எதிராக 1-0 முன்னிலை, நடுவர் கூடுதலாகக் கொடுத்த நேரமும் முடியப்போகிறது. வில்டோர் சமன் செய்தார், பிறகு ட்ரெசெகே தங்க கோல் அடித்தார். 90 நிமிடம் சமனில் முடிந்து தொடரும் கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்தவுடன் ஆட்டம் முடிந்துவிடும் என்பது அப்போதைய விதி.

1994 இறுதியைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும். கோஸ்டாகுர்டாவுக்கு மறுபடியும் தடை. பரேசி முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களில் திரும்பியிருந்தார். மால்டினி மறுபடி நடுவில். கொதிக்கும் வெயிலில் 120 நிமிடம், ரொமாரியோவும் பெபெட்டோவும் ஒரு கோல் கூடப் போடவில்லை. பிறகு பரேசியும் மசாரோவும் பாஜ்ஜோவும் பெனால்டியைத் தவறவிட்டார்கள். உலகம் பாஜ்ஜோ தலை குனிந்து நின்றதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது.

அவர் இத்தாலி அணியிலிருந்து விலகி நான்கு வருடத்தில், 2006-இல், இத்தாலி கோப்பையை வென்றது. அதுவும் பெனால்டியில்.

2002ல தென் கொரியா அடிச்ச கோல் அவர் தப்புதானே?

நேர்மையாகச் சொன்னால், அந்தப் பந்துக்கு அவர்தான் பொறுப்பு. 117-ஆவது நிமிடம், கிராஸ் வருகிறது, ஆன் ஜுங்-ஹ்வான் மால்டினிக்கு முன்னால் எழும்பித் தலையால் முட்டுகிறார். தங்க கோல், 2-1. ஆனால் அந்த ஆட்டத்தில் டோட்டிக்குக் கொடுத்த சிவப்பு அட்டை, தொம்மாசிக்கு மறுக்கப்பட்ட கோல், வியேரி தவறவிட்ட வாய்ப்பு எல்லாம் இருக்கின்றன. ஒரே தாவலைக் காரணமாகச் சொல்வது நியாயமில்லை. அதுவே அவர் இத்தாலிக்கு ஆடிய கடைசி ஆட்டமாகவும் ஆகிவிட்டது.

உலகக் கோப்பைகளில் அவர் ஆடிய 2,217 நிமிடங்கள் நீண்ட காலம் சாதனையாக இருந்தன. 2022 இறுதியில்தான் மெஸ்ஸி அதைத் தாண்டினார்.

இஸ்தான்புல் 2005 பத்தி ஏன் யாரும் அவர்கிட்ட பேசக் கூடாதுன்னு சொல்றாங்க?

யார் சொன்னது? ஆனால் கசப்பு இருக்கத்தான் செய்யும். லிவர்பூலோடு சாம்பியன்ஸ் லீக் இறுதி, நம்மூர் நேரப்படி நள்ளிரவு 12.15க்குத் தொடங்கிய ஆட்டம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருவதற்குள் 1-0. பிர்லோவின் ஃப்ரீ கிக், மால்டினி வலது காலால் நேராக அடித்தார், முதல் நிமிடம் முடியவில்லை. இறுதிப் போட்டிகளில் அதைவிட வேகமான கோல் இல்லை. அடித்தவர் 36 வயது டிஃபெண்டர்.

இடைவேளையில் மிலான் 3-0. பிறகு ஆறு நிமிடங்களில் லிவர்பூல் மூன்று கோல் திருப்பிக் கொடுத்துப் பெனால்டியில் ஜெயித்தது. மால்டினியின் ஆட்டத்தைக் குறை சொல்பவர்கள் அந்த ஆறு நிமிடத்தைக் காட்டுவார்கள். காட்டட்டும், கேப்டன் அவர்தான். இரண்டு வருடம் கழித்து ஏதென்ஸில் அதே லிவர்பூலை 2-1 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியபோது அவருக்கு 38 வயது.

பாலன் தோர் ஒண்ணு கூட ஏன் கொடுக்கலை?

வருடத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான அந்த விருதில் 1994-லும் 2003-லும் மூன்றாம் இடம். 1994-இல் ஸ்டொயிச்கோவுக்குக் கொடுத்தார்கள்; மேலே சொன்ன ஏதென்ஸ் ஆட்டத்தில் 4-0 தோற்ற அணியில் இருந்தவர். 1995-இல் ஃபிஃபாவின் சிறந்த ஆட்டக்காரர் தேர்வில் ஜார்ஜ் வேயாவுக்கு அடுத்து இரண்டாம் இடம். பாலன் தோர் வரலாற்றில் டிஃபெண்டர் என்று சொல்லத்தக்க வெற்றியாளர்கள் பெக்கன்பவர், சாமர், கன்னவாரோ மூவரே. அதில் முதல் இருவரும் முன்னேறிப் போய் ஆட்டத்தை நடத்திய லிபரோக்கள் (ஆளைக் காக்கும் பொறுப்பில்லாத கடைசிக் காவலர்கள்). ஓட்டுப் போடுகிறவர்கள் பார்ப்பது கோல் விழுந்ததைத்தான். விழாமல் போனதற்கு வீடியோ கிடையாது.

40 வயசு தாண்டி எப்படி ஆட முடிஞ்சது?

41-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில் ஓய்வு பெற்றார். உடம்பு வாகு ஒரு காரணம்: 1.86 மீட்டர் உயரம், ஒல்லியான ஆனால் உறுதியான உடல். மிலான் கிளப் வீரர்களின் உடல்நிலையைக் கவனிப்பதில் அந்தக் காலத்திலேயே பெயர் பெற்றது. ஆனால் கடைசி வருடங்கள் சுகமாகப் போகவில்லை, முழங்கால் படாத பாடு படுத்தியது.

எனக்குத் தோன்றும் முக்கியக் காரணம் மேலே கபடிக் கேள்வியில் சொன்னதுதான். சரியான இடத்தில் முன்கூட்டியே நிற்பவர் குறைவாக ஓடுகிறார், குறைவாக மோதுகிறார். வேகத்தை நம்பி ஆடும் பேக்குக்கு 31 வயதில் வேகம் போகும், கூடவே வேலையும் போகும்.

இன்னொன்று: எல்லா வருடமும் பொன்னாக இல்லை. 1996-97-இல் மிலான் 11-ஆம் இடம், அடுத்த வருடம் 10. கேப்டன் பட்டையை வாங்கிய முதல் வருடமே அப்படி. அப்போது "மால்டினி முடிந்துவிட்டார்" என்று எழுதியவர்கள் உண்டு. அதற்குப் பிறகு அவர் இரண்டு சாம்பியன்ஸ் லீக் வென்றார்.

கடைசி மேட்ச்ல சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டாங்களாமே? நம்பவே முடியலை.

சொந்த மைதானத்தின் கடைசி ஆட்டத்தில், 2009 மே 24, ரோமாவிடம் 3-2 தோல்வி. ஆட்டம் முடிந்து மைதானத்தைச் சுற்றிவந்தபோது, தெற்கு கேலரியின் தீவிர ரசிகர் கூட்டம் விசிலடித்துப் பதாகை பிடித்தது. களத்தில் நீ பெரியவன், ஆனால் உன்னைப் பணக்காரனாக்கியவர்களை மதிக்கவில்லை என்ற பொருளில் ஒரு வாசகம். கேப்டன் ஒருவர்தான் என்று பரேசியின் 6-ஆம் எண் சட்டையையும் விரித்தார்கள். இஸ்தான்புல் தோல்விக்குப் பிறகு அந்தக் கூட்டத்தோடு ஏற்பட்ட உரசல் ஒரு காரணம். அவர்களுக்கு எப்போதும் வளைந்து கொடுக்காதவர் என்பது பெரிய காரணம். மைதானத்தின் மற்ற பக்கங்கள் எழுந்து கைதட்டின. அவர்களில் ஒருவனாக இல்லாததில் பெருமை என்று மால்டினி பிற்பாடு பதில் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து ஃபுளோரன்ஸில் உண்மையான கடைசி ஆட்டம். 2-0 வெற்றி. எதிரணி ஃபியோரென்டினாவின் ரசிகர்கள் எழுந்து நின்று வழியனுப்பினார்கள்.

3ம் நம்பர் சட்டையை இனி யாருமே போட மாட்டாங்களா? பையன் ஆடுறார்னு கேள்விப்பட்டேன்.

கிளப் அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது, மகன்கள் முதல் அணிக்கு வந்தால் மட்டும் போடலாம் என்ற சலுகையோடு. இளைய மகன் டானியல் 2020 பிப்ரவரியில் மிலானுக்காக இறங்கினார். ஆனால் 3 எடுக்கவில்லை, வேறு எண் போட்டார். டிஃபெண்டரும் இல்லை, முன்னால் ஆடுகிறவர். 2021-22-இல் மிலான் லீக் வென்றபோது அவரும் அணியில் இருந்ததால் தாத்தா, அப்பா, பேரன் மூவரும் அதே கிளப்பில் லீக் வென்றவர்கள் ஆனார்கள். 2024 அக்டோபரில் இத்தாலி அணிக்கும் ஆடினார். முதல் ஆட்டம் நடந்த ஊர் உடினே. அப்பா 16 வயதில் இறங்கிய அதே ஊர்.

ஓய்வுக்கு அப்புறம் கோச் ஆகலையா?

இல்லை. அப்பா பயிற்சியாளராக வாழ்ந்த வாழ்க்கையைக் கிட்டத்தில் பார்த்தவர். 2001-இல் மிலான் பரம எதிரி இன்டரை 6-0 என்று நொறுக்கியபோது பெஞ்சில் இருந்தவர் செசாரே, களத்தில் கேப்டன் பாவ்லோ. அந்தச் சந்தோஷமே போதும் என்று விட்டுவிட்டார் போல.

2018-இல் நிர்வாகியாகத் திரும்பி, அடுத்த வருடம் தொழில்நுட்ப இயக்குநர் ஆனார். தியோ எர்னாண்டஸ், ரஃபேல் லியாவோ, மைக் மெய்ன்யான் போன்றவர்கள் வந்தது அவர் காலத்தில். 11 வருடம் கழித்து 2022-இல் லீக் பட்டம். அடுத்த சீசனில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. அது முடிந்த கையோடு 2023 ஜூனில் புதிய உரிமையாளர்கள் அவரை அனுப்பிவிட்டார்கள். ஜெயித்தவரை ஏன் அனுப்பினார்கள் என்று மிலான் ரசிகர்கள் இன்னும் புலம்புகிறார்கள். என் அனுதாபமும் புலம்புகிறவர்கள் பக்கம்தான். நடுவில் ஒரு கூத்து: 49 வயதில் மிலானில் நடந்த தொழில்முறை டென்னிஸ் போட்டியில் இரட்டையர் ஆட்டத்துக்குத் தகுதி பெற்று இறங்கினார். 6-1, 6-1 தோல்வி.

இன்னைக்கு ஆடினா தாக்குப் பிடிப்பாரா? விதியெல்லாம் மாறிடுச்சே.

விதி அவர் காலத்திலேயே மாறியது. 1990-இல் கடைசி டிஃபெண்டருக்குச் சமமாக நிற்கும் ஸ்ட்ரைக்கர் ஆஃப்சைடு இல்லை என்றார்கள். 1992-இல் சகவீரர் காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கக் கூடாது என்றார்கள். நெருக்கடியில் பந்தைக் கீப்பருக்குத் தள்ளிவிட்டுத் தப்பித்த பலர் அதோடு காணாமல் போனார்கள். மால்டினிக்கு இரண்டு காலிலும் பந்து பேசும் என்பதால் ஒரு சிக்கலும் இல்லை. இன்றைய அணிகள் இரண்டு காலாலும் ஆடுகிற, லெஃப்ட் பேக்கிலும் நடுவிலும் நிற்கக்கூடிய, உயரமான ஆளைத்தான் கோடி கோடியாகக் கொடுத்துத் தேடுகின்றன.

ஒரே ஒரு மேட்ச் பார்க்கணும்னா எது?

1994 ஏதென்ஸ், மிலான்-பார்சிலோனா. முழு ஆட்டத்தையும் பாருங்கள், கோல் தொகுப்பை அல்ல. முதல் இருபது நிமிடம் பந்தை மறந்துவிட்டு, நடுவில் 6-ஆம் எண்ணோடு நிற்கும் மால்டினியை மட்டும் தொடருங்கள். பார்சிலோனாவிடம் பந்து இருக்கும்போது அவர் எத்தனை முறை திரும்பி ரொமாரியோ எங்கே என்று பார்க்கிறார் என்று எண்ணுங்கள். நேரம் மிச்சமிருந்தால் அதே வருடத்து உலகக் கோப்பை இறுதியின் கூடுதல் நேரம். கால் தளர்ந்த நிலையிலும் அந்த பக்கவாட்டு நிலை மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.